புதிய ஸ்க்ரோல் சோவைப் பூட்டிப் பழகுவது: பெட்டி திறப்பதிலிருந்து முதல் பெயர்ப்பலகை வரை

பரந்தனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்க்ரோல் சோ என்பது மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளையும் எழுத்துகளையும் வெட்டும் மின்வாள். வேலை பழக வரும் பிள்ளைகள் அதில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல வருடமாகப் பார்த்துவருகிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலத்துக்குள் மரத்தை வைத்து வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பிளேட் முறிகிறது, கோடு விலகுகிறது, உடனே "அண்ணை, மெசின் சரியில்லை" என்கிறார்கள். மெசினில் பிழை இருப்பது அபூர்வம். வெட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் வரிசையாக நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வரிசையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒவ்வொரு வேலையும் முந்தியதில் தங்கியிருக்கிறது. ஆடுகிற மெசினில் பிளேட்டின் இறுக்கத்தைச் சரிபார்க்க முடியாது. இறுக்கம் குறைந்த பிளேட் வளையும், அதில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தால் காட்டுவது பொய். மேசை சாய்ந்திருக்கும்போது கைப்பழக்கம் எடுத்தால் அந்தப் பிழையும் கையோடு சேர்ந்து பழகிவிடும்.

1. செருகுமுன் தகட்டைப் படியுங்கள்

எங்கள் பக்கம் இந்த மெசின் இரண்டு வழியில் வருகிறது. கடையில் வாங்கியது ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாவோ மச்சானோ பெட்டியில் போட்டு அனுப்பியது மற்றது. இரண்டாவது என்றால் மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் படிக்கவேண்டும். இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியாவுக்குச் செய்த மெசின் இங்கே அப்படியே ஓடும். கனடாவில் வாங்கியது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அதை நேரே செருகினால் மோட்டரோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றோ கருகிப்போகும்.

கனடா மெசினுக்கு 230ஐ 120 ஆகக் குறைக்கும் மின்மாற்றி தேவை. தகட்டில் 120 வோல்ட், 1.6 அம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 192 வாட் வரும். மோட்டர் கிளம்பும் நொடியில் இதைவிடக் கூட இழுக்கும். ஆகவே 200 வாட் மின்மாற்றி போதும் என்று நினைக்காமல் 500 வாட் அளவில் எடுங்கள்.

மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள மெசின்களில் பெரும்பாலும் நேரோட்ட மோட்டர்தான் இருக்கும், அதற்கு 50, 60 வித்தியாசம் பொருட்டில்லை. ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகையில் அப்படியில்லை. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், கூடுதலாகச் சூடும் ஏறும். இடைக்கிடை மோட்டரில் கைவைத்துப் பார்த்து, கை பொறுக்காத சூடென்றால் ஆறவிடுங்கள்.

அடுத்தது ஏர்த். பட்டறைக் கொட்டிலுக்கு வீட்டிலிருந்து வயர் இழுக்கும்போது ஏர்த் வயரை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. செருகிக்கு மூன்று கால் இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள், உடனே விழவேண்டும்.

2. முதலே கையில் இருக்கவேண்டியவை

மெசினோடு வரும் ஒன்றிரண்டு பிளேட்டை நம்பித் தொடங்கவேண்டாம். அநேகமாக அவை தடித்த, மலிவான பிளேட்கள். பழகும் முதல் வாரத்தில் ஒரு டசின் முறிவது வழமை, எனவே இரண்டு டசினாவது வாங்கி வையுங்கள். மூன்றே மூன்று பிளேட்டோடு தொடங்குகிறவர் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் மழுங்கிய பிளேட்டையே ஓட்டுவார். அதனால்தான் அது முறியும்.

சின்ன மூலைமட்டம் ஒன்று, 1 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை துளைக்கும் அலகுகளோடு ஒரு டிரில், 6 மி.மீ. பிளைவூட் துண்டுகள், அகலமான மாஸ்கிங் ரேப், பெட்டி ஒட்டும் ரேப், ஒட்டுப்பசைக் குச்சி, 220 இலக்க அரத்தாள், கண்ணைக் காக்கும் கண்ணாடி, தூசி மாஸ்க். பிளைவூட்டை மரக்காலையிலோ தளபாடம் செய்கிற இடத்திலோ கேட்டால் வெட்டு மிச்சத் துண்டுகளை மலிவாகத் தருவார்கள். பழகுவதற்கு முழுத்தாள் வாங்குவது வீண்.

3. வாங்கில் இறுக்கிப் பூட்டுங்கள்

பிளேட் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை மேலும் கீழுமாகப் போய்வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அந்த அசைவு முழுவதும் மெசினின் உடம்புக்குள் போகிறது. வெறுமனே மேசைமேல் வைத்தால் மெசின் மெல்ல மெல்ல நகரும். கோடு விலகுவது கையாலா அதிர்வாலா என்று உங்களுக்கே தெரியாமல்போகும்.

பாரமான வாங்கு ஒன்றில் அடியில் ரப்பர் பாய் வைத்து, நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். பழைய ரயர் டியூப்பை இரண்டு மடிப்பாக வெட்டி வைத்தாலும் போதும். வாங்கின் நாலு காலும் நிலத்தில் படியாவிட்டால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. மண் தரைக் கொட்டில் என்றால் கால்களுக்கு அடியில் சீமெந்துக் கல் வைத்து ஆட்டத்தை எடுத்துவிட்டு மேலே வாருங்கள்.

உயரமும் இங்கேயே தீர்மானமாகிறது. கதிரையில் இருந்து வெட்டுவதென்றால் மெசின் மேசை உங்கள் முழங்கை மட்டத்துக்குக் கிட்ட வரவேண்டும். மேசை உயர்ந்தால் தோள் தூக்கியபடி வேலை செய்வீர்கள், பத்து நிமிடத்தில் கை நடுங்கும். தாழ்ந்தால் கழுத்து வளைந்து, கோட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பீர்கள். பிளேட்டுக்கு நேரே முன்னால் மூக்கு இருக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

4. பிளேட்டைத் தெரிந்து பூட்டுதல்

தடுமாற்றம் மிக அதிகம் இங்கேதான், ஆறுதலாக வாசியுங்கள்.

பிளேட்டின் நீளம் 5 அங்குலம். நுனிகளில் குறுக்கு ஊசி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. ஊசி உள்ளதைக் கொழுவுவது இலகு, ஆனால் அந்த ஊசி நுழைய 4, 5 மி.மீ. துளை வேண்டும். பலகையின் ஓரத்திலிருந்து அல்லாமல் உள்ளே ஒரு துளையிலிருந்து தொடங்கும் நுண்ணிய உள்வெட்டுகளுக்கு அது சரிவராது. ஊசியில்லாததை இரண்டு கவ்விகள் பிடித்துக்கொள்ளும், 1 மி.மீ. துளைக்குள்ளும் நுழையும். உங்கள் மெசின் இரண்டையும் ஏற்குமென்றால் முதல் நாளிலிருந்தே ஊசியில்லாததில் பழகுங்கள். ஊசி வகையில் பழகியவர்கள் பிறகு மாற மிகவும் கஷ்டப்படுகிறார்கள். கையால் அறுக்கும் ஃபிரெட் வாளுக்கு விற்கும் 5 அங்குல பிளேட்டும் இதில் பூட்டலாம், கடையில் ஸ்க்ரோல் சோ பிளேட் இல்லை என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இலக்கம் கூடக்கூட பிளேட் தடிக்கும். 6 மி.மீ. பிளைவூட்டுக்கு 3ஆம் இலக்கம், அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல மரத்துக்கு 5, ஒரு அங்குலத்துக்கு 7 அல்லது 9. பழகத் தொடங்குபவருக்கு 5ஆம் இலக்கம் நல்லது. மிக மெல்லிய 2/0 பிளேட்டைப் பார்த்து ஆசைப்பட்டு அதில் தொடங்கினால், அது மயிரிழை மாதிரி வளைந்து, நீங்கள் எதைப் பழகுகிறீர்கள் என்றே விளங்காது.

பல்லின் திசை: பற்கள் உங்களைப் பார்த்து, கூர்முனை கீழ்நோக்கி இருக்கவேண்டும். மெல்லிய பிளேட்டில் கண்ணுக்குத் தெரியாது, விரலால் பாருங்கள். மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், கீழிருந்து மேலே தடவினால் பிடிக்கும். தலைகீழாகப் பூட்டினால் பிளேட் மரத்தை மேசையிலிருந்து தூக்கித் தூக்கி அடிக்கும். அந்த ஓசையில் பயந்து மெசினையே ஓரமாக வைத்துவிட்ட பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பிளேட்டைத் திருப்பிப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

கீழ்நுனியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கியிருக்கும் பிளேட்டும் கிடைக்கும். பிளைவூட்டின் அடிப்பக்கம் சிம்பு பெயராமல் அது காக்கும். அதைப் பூட்டியபின் கையால் அச்சைச் சுழற்றி, பிளேட் உச்சத்துக்கு வரும்போது அந்தத் திருப்பிய பற்களில் ஒன்றிரண்டு மேசைக்கு மேல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவை மரத்தைத் தொடாது, அப்படி ஒரு பிளேட் வாங்கியதில் பயனில்லை. மேல் நுனியைக் குறட்டால் சற்று நறுக்கி, பிளேட்டை மேலே ஏற்றிப் பூட்டலாம்.

புதுப் பிளேட்டில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த எண்ணெயில் கவ்வி வழுக்கும். பூட்டுமுன் இரண்டு நுனியையும் அரத்தாளால் இரண்டு தரம் உரசித் துடையுங்கள். "இறுக்க இறுக்கக் கழருது அண்ணை" என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் வைத்தியம். கவ்வியைக் குறட்டால் முறுக்கி இறுக்கவேண்டாம். திருகாணியின் முனை தேய்ந்து வழவழப்பாகி, பிறகு எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கீழ்க் கவ்வி முதலில், மேல்க் கவ்வி பிறகு. கீழே கை எட்டாத இடம், பார்க்கவும் கஷ்டம். அதை முதலில் நேராக நிறுத்தினால் மேலே சரிசெய்வது லேசு. பிளேட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் செருகியைக் கழற்றுங்கள். சில மெசின்களில் சுவிட்ச்சைக் காலால் மிதிப்பார்கள், தற்செயலாகக் கால் பட்டால் போதும்.

5. இறுக்கம்

பிளேட்டை விரலால் சுண்டுங்கள். வீணைத் தந்தி மாதிரி தெளிவான, உயர்ந்த ஓசை வரவேண்டும். "டொக்" என்று மந்தமாக வந்தால் போதாது. பிறகு நடுவில் பக்கவாட்டாக விரலால் தள்ளிப் பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் அசையக்கூடாது.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தளர்வாகவே விடுகிறார்கள், இறுக்கினால் முறியும் என்ற பயம். உண்மை மறுபக்கம். தளர்ந்த பிளேட் மரத்துக்குள் வில்லாக வளையும். வெட்டின் மேல்விளிம்பு கோட்டில் இருக்கும், நடு வயிறு தள்ளியிருக்கும், வளைந்து வளைந்து கடைசியில் பிளேட் முறியும். அளவுக்கு மீறி இறுக்கினால் கவ்விக்குப் பக்கத்தில் முறியும். எங்கே முறிந்தது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

புதுப் பிளேட் ஒன்றிரண்டு நிமிடம் ஓடியதும் சற்று நீளும். நிறுத்தி இன்னொருதரம் சுண்டிப் பார்த்துத் திருத்துங்கள்.

6. மேசையை மட்டம் பார்ப்பது

மேசைக்குக் கீழே பாகை குறித்த ஒரு அளவுகோல் இருக்கும். அதில் சுழியத்தில் வைத்தால் நேராகிவிடும் என்று நம்பாதீர்கள். முதலில் மூலைமட்டத்தைப் பிளேட்டோடு ஒட்டி வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். அது கிட்டத்தட்டச் சரி என்பதற்கு மட்டும்.

முழுமையாகப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 40 மி.மீ. உயரமான மரக்கட்டை ஒன்றை எடுத்து, ஓரத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கீறல் வெட்டுங்கள். மெசினை நிறுத்துங்கள். கட்டையை அதே பக்கம் மேலே இருக்கத்தக்கதாக, பிளேட்டின் பின்பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுபோய், அந்தக் கீறலைப் பிளேட்டின் முதுகில் பொருத்திப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை செங்கோணம். மேலே பொருந்திக் கீழே முட்டினால் சாய்வு இருக்கிறது. கட்டையைத் திருப்பிப் பார்ப்பதால் பிழை இரட்டிப்பாகித் தெரியும், அதனால்தான் கண்ணுக்குத் தப்பும் சாய்வும் இதில் அகப்படும்.

சரியானதும் அளவுகோலின் முள்ளைத் தளர்த்திச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலையைத் தவிர்த்தவர்கள் எழுத்து வெட்டும்போதுதான் வருந்துவார்கள். உள்துண்டு மேல்பக்கமாக வெளியே வரும், கீழ்ப்பக்கமாக வராது.

7. அமுக்குக் காலும் காற்றும்

மரத்தை அமுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னக் காலை, மரத்தைத் தொட்டும் தொடாததுமாக இறக்கி வையுங்கள். அனுபவமுள்ளவர்கள் கழற்றிவிடுவார்கள், முதல் மாதம் நீங்கள் கழற்றவேண்டாம். தூள் ஊதும் குழாயின் வாய் பிளேட்டுக்கு முன்னால் கோட்டின்மேல் ஊதவேண்டும். தூள் மூடிய கோட்டை யாராலும் வெட்டமுடியாது.

8. முதல் ஒரு மணித்தியாலம்

சரி, இப்போது வெட்டலாம். அதற்கு முன் கண்ணாடியும் மாஸ்க்கும். சால்வை, தொங்கும் கைச்சட்டை, அவிழ்ந்த தலைமுடி எதுவும் மெசினுக்குக் கிட்ட வேண்டாம். கையுறையும் வேண்டாம், துணி பிளேட்டில் பட்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். விரல்கள் எப்போதும் பிளேட்டின் இரு பக்கத்திலும் இருக்கட்டும், கோட்டுக்கு நேரே முன்னால் ஒருபோதும் வைக்காதீர்கள்.

வேகத்தை நடுவுக்குக் கீழே வையுங்கள். பிளைவூட் துண்டில் பென்சிலால் அரை அங்குல இடைவெளியில் நேர்கோடுகள் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுங்கள். நேர்கோடுதான் மிகக் கடினம் என்று அப்போது தெரியும்.

மரத்தை நேரே தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாக, விலகும். உங்கள் கையில் பிழை இல்லை. பெரும்பாலான பிளேட்களில் பல் அடித்து எடுக்கும்போது ஒரு விளிம்பில் மட்டும் சிறு பிசிர் தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். மற்ற வாள்களில் வேலை செய்து பழகிய ஆசாரிமாருக்கே இது முதலில் பிடிபடாது. மேசையைத் திருப்பவோ பிளேட்டை முறுக்கவோ வேண்டாம். மரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, எந்தச் சாய்வில் வெட்டு கோட்டோடு போகிறது என்று கண்டுபிடியுங்கள். நாலைந்து பாகைதான் இருக்கும். ஏழெட்டுக் கோட்டுக்குப் பிறகு கை தானாகவே அந்தச் சாய்வில் வைக்கும். புதுப் பிளேட் மாற்றியதும் ஒரு கோடு வெட்டி அதன் குணத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

தள்ளும் விசை பற்றி ஒரு வார்த்தை. பிளேட் வெட்டவேண்டும், நீங்கள் மரத்தை வழிகாட்டினால் போதும். ஓடும்போது பிளேட் பின்னால் வளைகிறதா என்று பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தால் கூடத் தள்ளுகிறீர்கள், அல்லது பிளேட் மழுங்கிவிட்டது. பட்டறையில் நான் பழக்கும்போது இரண்டு கையிலும் நடுவிரலால் மட்டும் மரத்தை நகர்த்தச் சொல்வேன். உள்ளங்கையை வைத்தால் உடம்பின் பாரமும் சேர்ந்து வந்துவிடும்.

நேர்கோட்டுக்குப் பிறகு அலைக்கோடு, பிறகு நத்தைச் சுருள், கடைசியாகக் கூர்மூலை. கூர்மூலையில் இரண்டு வழி. கழிவுப் பக்கத்தில் போதிய இடமிருந்தால் கோட்டைத் தாண்டிப் போய் வட்டமடித்துத் திரும்பி வாருங்கள், மூலை கத்திபோல் கூராக வரும். இடமில்லாவிட்டால் மூலையில் நின்று, தள்ளுவதை நிறுத்தி, மரத்தைப் பிளேட்டின் முதுகோடு லேசாக ஒட்டவைத்துச் சுழற்றுங்கள். பிளேட் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். முதுகில் பல் இல்லை, ஆகவே கோடு சிதையாது. இறுகிப் பிடித்துத் திருப்பினால் பிளேட் முறுகி முறியும்.

9. எழுத்துகளில் ஏணி ஏறுவது

பூ, பறவை என்று மாதிரிப் படங்களில் பழகுவதைவிட எங்கள் எழுத்துகளில் பழகுவது பயனுள்ளது என்பது என் எண்ணம். நேர், வளைவு, சுழி எல்லாம் அதில் வரிசையாகவே கிடைக்கின்றன. பிழை எங்கே என்று உங்கள் கண்ணே உடனே சொல்லும். பூவின் இதழ் கோணினால் தெரியாது, 'ழ' கோணினால் தெரியும்.

முதலில் ட, ப. நேர்கோடும் மூலையும் மட்டும். பிறகு ய, அதில் வளைவு வரும். அதற்குப் பிறகு வ, ம: மூடிய வயிறு இருப்பதால் உள்வெட்டு தேவை. கடைசியில் ண, ஞ, இ போல் சுழி நிறைந்தவை. தடித்த எழுத்துருவாக எடுங்கள். 6 மி.மீ. பிளைவூட்டில் கோட்டின் அகலம் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது, குறைந்தால் சுழியின் கழுத்தில் ஒடியும்.

கடதாசியை நேரே மரத்தில் ஒட்டினால் பிறகு உரித்தெடுக்கப் பாடுபடவேண்டும். முதலில் மரத்தின்மேல் மாஸ்கிங் ரேப், அதன்மேல் பசைக்குச்சி பூசி மாதிரிக் கடதாசி, எல்லாவற்றுக்கும் மேல் பெட்டி ஒட்டும் ரேப். மேலே உள்ள ரேப் பிளேட்டுக்கு வழுக்கல் கொடுத்து, கடின மரத்தில் வெட்டின் ஓரம் கருகுவதைக் குறைக்கும். முடிந்ததும் மாஸ்கிங் ரேப்பைப் பிடித்து இழுத்தால் மூன்றும் சேர்ந்து வந்துவிடும்.

10. உள்வெட்டு

வரிசை: உள்ளே முதலில், வெளியே கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடிக்க மரம் இருக்காது, மெல்லிய எழுத்து கையிலேயே நடுங்கும்.

கழிவுப் பகுதியின் நடுவில், கோட்டுக்கு மிகக் கிட்டப் போகாமல் துளையிடுங்கள். அடியில் வேறொரு பலகை வைத்துத் துளைத்தால் கீழ்ப்பக்கம் சிம்பு பெயராது. துளையின் அடியில் பிசிர் இருந்தால் அரத்தாளால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் மேசையில் படியாமல் தாளம் போடும். மேல் கவ்வியைக் கழற்றி, பிளேட்டைத் துளைக்குள் விட்டு, திரும்பக் கொழுவி, சுண்டிப் பார்த்து ஓட்டுங்கள். சுண்டிப் பார்ப்பதை ஒவ்வொரு துளைக்கும் செய்யவேண்டும். பத்துத் துளையில் ஏழாவதில்தான் எல்லோரும் மறக்கிறார்கள், முறிவதும் அங்கேதான்.

11. எங்கள் மரங்கள் இந்தப் பிளேட்டில் எப்படி

பிளைவூட்டில் கை நேரானபின் மரத்துக்கு வாருங்கள். பூவரசும் மாவும் தொடங்குவதற்கு ஏற்றவை. வேம்பும் நன்றாக வரும், ஆனால் தூள் மூக்கை எரிக்கும். தேக்கைப் பார்த்தால் மென்மை போல் இருக்கும், அதில் கலந்திருக்கும் சிலிக்கா பிளேட்டின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். பிளைவூட்டில் ஓடிய நேரம் தேக்கிலும் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலையையும் முதிரையையும் குறைந்தது மூன்று மாதத்துக்குத் தொடவேண்டாம். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். மாஸ்க்கோடு முழுக்கை உடுப்பும் போட்டு, முடிந்ததும் குளியுங்கள்.

பனை வேறு ரகம். கறுப்பு நார் கடினம், இடையிலுள்ள சதை மென்மை. பிளேட் ஒன்றில் தட்டி மற்றதில் ஓடும், கோடு சிறு சிறு அலையாகும். நீளவாக்கில் வெட்டுவதைவிடக் குறுக்காக வெட்டினால் கட்டுப்பாடு கிடைக்கும். சிலாகை கையில் ஏறினால் லேசில் எடுக்கமுடியாது, வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று வன்னியில் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கவேண்டியது. 2009 வரை போர் நடந்த மண்ணில் நின்ற மரங்கள் இவை. செல் துண்டும் சன்னமும் உள்ளே புதைய, மேலே பட்டை மூடி வளர்ந்த மரங்கள் இன்னும் மரக்காலைக்கு வருகின்றன. வேம்பிலும் பனையிலும் நானே எடுத்திருக்கிறேன். பலகையில் காரணமில்லாமல் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் நிறுத்துங்கள், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த காந்தம் ஒன்றை நூலில் கட்டி, பலகையின் இரண்டு பக்கமும் மெல்லக் கொண்டுபோங்கள். இழுத்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவையுங்கள். காந்தம் செம்பையும் ஈயத்தையும் காட்டாது, ஆகவே கறையையும் மூடிய வடுவையும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடவேண்டாம்.

காட்டுமரத்தை ஏற்றி இறக்க வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்கியதையே வைத்திருங்கள்.

12. முதல் பெயர்ப்பலகை

எழுத்து வெட்டத் தெரிந்ததும் எல்லோரும் பெயர்ப்பலகைக்குத் தாவுகிறார்கள். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 'கிளிநொச்சி' என்று வெட்டிப் பாருங்கள். படித்தால் ஐந்து எழுத்து. மேசையில் கிடப்பதோ எட்டுத் துண்டு: 'நொ' மூன்றாகப் பிரியும், 'ச்' இன் புள்ளி தனியாக விழும். புள்ளி தூள் பெட்டிக்குள் போய்விட்டதென்று தேடாத ஆள் இல்லை.

ஆகவே வெட்டுமுன் துண்டுகளை எண்ணி எழுதிவையுங்கள். அடிப்பலகையில் மாதிரிக் கடதாசியின் இன்னொரு பிரதியை ரேப்பால் பிடித்து, எழுத்து இருக்கவேண்டிய இடங்களை ஊசியால் குத்திக் குறித்துவிட்டால் ஒட்டும்போது வரி கோணாது. புள்ளிகளை வெட்டாதீர்கள். அளவான உருளைக் குச்சியைத் துண்டு துண்டாக அரிந்தால் எல்லாம் ஒரே வட்டமாக வரும். 'ி' எழுத்தோடு ஒட்டியிருக்கும் எழுத்துருவைத் தெரியுங்கள், தனியாக நிற்கும் குறி முதலில் ஒடியும்.

ஒரே பெயரில் இரண்டு பலகை தேவையென்றால் இரண்டு பிளைவூட்டை ஓரங்களில் ரேப் சுற்றி ஒன்றாக வெட்டுங்கள். 12 மி.மீ. தடிப்பாகிவிடும், பிளேட்டை 5ஆம் இலக்கத்துக்கு மாற்றுங்கள். மேசை மட்டம் சரியில்லாவிட்டால் மேல் எழுத்தும் கீழ் எழுத்தும் வேறு வேறு அளவில் வரும். 6ஆவது படியைத் தாண்டி வந்தவர்கள் இப்போது திரும்பிப் போவார்கள்.

13. பிளேட்டை எப்போது எறிவது

பல் கண்ணுக்கு நன்றாக இருக்கும்போதே மழுங்கியிருக்கும். வெட்டின் ஓரம் பழுப்பாகிறது, மரம் புகை மணக்கிறது, முந்தியைவிடக் கூடத் தள்ளுகிறீர்கள், கோட்டில் திரும்ப மறுக்கிறது: இதில் ஏதாவது ஒன்று வந்தால் மாற்றுங்கள். கடின மரத்தில் கால் மணித்தியாலத்திலேயே அது வரலாம். "இன்னும் முறியேல்லைத்தானே" என்பது காரணமில்லை. மழுங்கிய பிளேட்டால் பாழாகும் மரமும் நேரமும் பிளேட்டின் விலையைவிடக் கூட.

இறுக்கமான சுழிகளில் புதுப் பிளேட் திரும்பத் தயங்கினால் ஒரு சின்ன வேலை செய்யலாம். மெசின் மெதுவாக ஓடும்போது, சாணைக்கல்லைப் பிளேட்டின் முதுகு விளிம்புகளில் சில நொடி லேசாகத் தொடுங்கள். மூலைகள் உருண்டு, பிளேட் தன்னிடத்தில் வழுக்கித் திரும்பும். தூளை முதலில் துடைத்துவிடுங்கள், தீப்பொறி வரும்.

14. வேலை முடிந்ததும்

இறுக்கத்தைத் தளர்த்தி விடுங்கள். இரவு முழுக்க இழுபட்டு நின்றால் பிளேட் களைக்கும். மறுநாள் வரும் பிள்ளைக்கு இறுக்கம் இல்லை என்பது தெரியவேண்டும், ஆகவே எங்கள் பட்டறையில் தளர்த்தியதும் பிளேட்டை இறுக்கும் நெம்புகோலில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம்.

மேசை இரும்பென்றால் மெழுகுதிரித் துண்டால் தேய்த்து, துணியால் துடையுங்கள். மரம் வழுக்கிப் போகும், துருவும் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஓலைக் கொட்டிலின் ஈரம் ஒரே இரவில் மேசையைத் துருவேற்றிச் சிவப்பாக்கிவிடும். அந்த மாதங்களில் மெழுகு ஒவ்வொரு நாளும். பிளேட்களை இலக்கம் எழுதிய சின்னப் போத்தல்களில், ஒரு பிடி வறுத்த அரிசியோடு மூடிவையுங்கள். பிளைவூட்டைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தட்டையாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். சாய்த்த பலகை தை மாதத்தில் கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும், அதை அமுக்குக் காலாலும் நேராக்கமுடியாது.